எங்கிருந்து தூரம்?

ஓய்வு பெற்ற மறுமாதம் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். நான் பி.ஏ. வரலாறு படித்த காலத்து நோட்டுகள் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பழுப்பு அட்டை போட்டு, மேலே ஊதா மையில் தாளின் பெயரை எழுதியிருந்தேன். இந்திய வரலாறு 1206 வரை. இந்திய வரலாறு 1206 முதல் 1707 வரை. தமிழக வரலாறு. ஐரோப்பிய வரலாறு 1453 முதல் 1789 வரை. தூரக் கிழக்கு நாடுகளின் வரலாறு. மூன்று ஆண்டுப் படிப்பும் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி வைக்கும் அளவுதான் இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே தாள்களைத்தான் வகுப்பில் நடத்தினேன். ஆனாலும் மாணவனாக எழுதிய நோட்டை ஆசிரியனின் கண்ணால் படித்தபோது, இத்தனை காலம் வாயால் சொல்லி வந்த ஒன்றை முதன்முறையாகக் காதால் கேட்டதுபோல் இருந்தது.

தூரக் கிழக்கு நோட்டின் முதல் பக்கத்தில், அடிக்கோடு போட்டு, 1839 என்று எழுதியிருக்கிறேன். அபினிப் போர். அடுத்த பக்கம் 1842, நான்கிங் உடன்படிக்கை. ஜப்பானுக்கு வந்தால் 1853. அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் எடோ விரிகுடாவுக்குள் நுழைகின்றன. அதற்கு முன்னால் ஜப்பானில் என்ன நடந்தது என்பதற்கு நோட்டில் அரைப் பக்கம். எழுத்தும் ஏடும் அரசாங்கமும் மூவாயிரம் ஆண்டுகளாக இருந்த சீன நாட்டுக்கு, அயலான் பீரங்கி வெடித்த அன்றுதான் வரலாறு பிறக்கிறது. இருபது வயதில் எனக்கு அது உறுத்தவில்லை. அபினிப் போரின் காரணங்களும் விளைவுகளும் இருபது மார்க் கேள்வி. மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மார்க்கும் வந்தது.

இப்போது உறுத்தியது அந்தத் தலைப்புதான். தூரக் கிழக்கு என்றால் எங்கிருந்து தூரம்?

நாகப்பட்டினத்திலிருந்து டெல்லி நேர்கோட்டில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். நம் பழைய ஏடுகள் கடாரம் என்று சொல்லும் மலேசியாவின் கெடா, கடலுக்கு அப்பால், அதைவிடச் சற்றே அதிகம். டெல்லியை நாங்கள் ஒருநாளும் தூர வடக்கு என்று படித்ததில்லை. கெடா இருக்கும் திசைதான் எங்கள் பாடத்திட்டத்தில் தூரமாகப் போனது. லண்டனில் உட்கார்ந்து ஒருவர் நிலப்படத்தைப் பார்த்தால் சீனாவும் ஜப்பானும் தூரம்தான். அவருக்கு அது சரியான சொல். அந்தச் சொல் கப்பலேறி வந்து, ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள் அமர்ந்து, காவிரிக் கரையில் வயல் வரப்பில் நடந்து கல்லூரிக்கு வந்த ஒரு பையனின் நோட்டு அட்டையில் ஊதா மையில் ஏறிவிட்டது. அவன் அதை லண்டன்காரரின் கண்ணால் எழுதினான். தன் கண் இரவல் போனது அவனுக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் பிரதமர் ராபர்ட் மென்சீஸ் 1939இல் இதைத் தன் நாட்டு மக்களுக்கு எடுத்துச் சொன்னார். பிரிட்டன் தூரக் கிழக்கு என்று அழைக்கும் பகுதி நமக்குப் பக்கத்து வடக்கு என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் பிரிட்டனிடம் பற்று மிகுந்தவர். ஆனால் போர் மேகம் சூழ்ந்து, ஜப்பானின் கப்பற்படை எந்தப் பக்கமிருந்து வரும் என்று யோசிக்க வேண்டியிருந்தபோது, தான் நிற்கும் இடம் எது என்று அவருக்குப் புலப்பட்டது. பயம் சில நேரம் திசைகாட்டியாகிறது. மத்திய கிழக்கு என்ற சொல்லும் இப்படிப் புழக்கத்துக்கு வந்ததுதான். 1902இல் அமெரிக்கக் கடற்படை அறிஞர் ஆல்பிரட் மஹான் பாரசீக வளைகுடாவைப் பற்றி எழுதும்போது அதைப் பரவலாக்கினார். அரபு நாடுகள் நமக்கு மேற்கே இருக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்கு மேற்கு நோக்கிப் பறந்து மத்திய கிழக்கில் போய் இறங்குகிறார்கள்.

இடத்துக்குப் போட்ட வேலி இப்படி என்றால், காலத்துக்குப் போட்ட வேலியும் இதே கதைதான். பழங்காலம், இடைக்காலம், நவீன காலம் என்ற மூன்று அறைகளை இயற்கை கட்டித் தரவில்லை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் செல்லாரியஸ் தன் பாடநூல்களில் அதை நிலைநிறுத்தினார். கான்ஸ்டன்டைன் காலம் வரை பழையது, துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த 1453 வரை இடைப்பட்டது, அதன்பின் புதியது. ஐரோப்பாவின் வீட்டுக்கு ஐரோப்பியர் ஒருவர் போட்ட தடுப்புச்சுவர் அது. இந்தியாவுக்கு வேறொருவர் சுவர் எழுப்பினார். 1817இல் வெளிவந்த ஜேம்ஸ் மில்லின் இந்திய வரலாறு, இந்து காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று பிரித்தது. மில் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். இந்திய மொழி எதையும் அறிந்தவரும் அல்லர். இரண்டுமே குறையில்லை என்று தன் நூலின் முன்னுரையில் அவரே வாதாடினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பணிக்கு இளைஞர்களைத் தயார் செய்த ஹெய்லிபரி கல்லூரியில் அந்த நூலைப் பாடமாகப் படித்துவிட்டு, அவர்கள் நம் மாவட்டங்களை ஆள வந்தார்கள். பின்னாளில் நாம் பெயர்களை மாற்றினோம். பண்டைய, இடைக்கால, நவீன என்று ஆக்கிக்கொண்டோம். சுவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் நின்றன.

என் நோட்டில் இருக்கும் 1206ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு லாகூரில் குத்புதீன் ஐபக் ஆட்சிக்கு வந்தார். டெல்லி சுல்தானியத்தின் கதைக்கு அது முறையான தொடக்கம். ஆனால் அந்த ஆண்டு சோழ நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் மூன்றாம் குலோத்துங்கன். திரிபுவனம் கோயிலைக் கட்டியவர். திரிபுவனத்தில் கல் சுமந்தவருக்கோ குறுவை அறுத்தவருக்கோ 1206இல் எந்த யுகமும் முடியவில்லை. எங்கள் மண்ணின் காலக்கணக்கை வடக்கே ஆயிரத்தைந்நூறு கல் தாண்டி நடந்த ஒரு பதவியேற்பு இரண்டாகப் பிளந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1639இல் கம்பெனிக்காரர்கள் சோழமண்டலக் கரையில் ஒரு மணல் திட்டைப் பெற்றுச் சென்னைக்கு அடிபோட்டபோது, ஆக்ராவில் தாஜ்மகாலின் வேலை முடிந்திருக்கவில்லை. நான் தாஜ்மகாலை இடைக்காலத்தில் படித்தேன். புனித ஜார்ஜ் கோட்டையை நவீன காலத்தில் படித்தேன். இரண்டும் ஒரே வெயிலில் எழும்பிய கட்டடங்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானும் பல ஆண்டுகள் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

நோட்டுகளைப் புரட்டியதில் என்னை அதிகம் நிறுத்தி வைத்த ஆண்டு 1025. இந்திய வரலாறு நோட்டில் ஒரு வரி: கஜினி மாமூது சோமநாதபுரத்தை நோக்கிப் புறப்பட்டார். தமிழக வரலாறு நோட்டில் ஒரு வரி: முதலாம் ராஜேந்திரனின் கடார வெற்றி. இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கஜினியின் படை பாலைவனத்தைத் தாண்டுவதும் சோழரின் கப்பல்கள் வங்கக் கடலைத் தாண்டுவதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். மாமூதின் அவையைச் சேர்ந்த அல்பிரூனி இந்தியாவைப் பற்றிய தன் பெருநூலை ஐந்தாண்டுகளில் முடித்துவிடுவார். சீனத்தில் சோங் பேரரசன் இன்னும் சிறுவன். அரசி லியூ அவனுக்காக ஆள்கிறாள். அந்த அரசாங்கம் அதே 1020களில்தான் காகிதப் பணத்தைத் தானே வெளியிடத் தொடங்கியிருந்தது.

ராஜேந்திரன் ஏன் கடாரத்துக்குப் படை அனுப்பினார் என்று என் நோட்டில் ஒரு சொல்கூட இல்லை. வென்றார் என்று மட்டும் இருக்கிறது. காரணத்தைத் தேடினால் அது தாள்களுக்கு நடுவே விழுந்து கிடக்கிறது. சுமத்ராவையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர் சூளாமணிவர்மர் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுந்தது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தார். அதைச் சொல்லும் செப்பேடுகள் நெடுங்காலம் ஹாலந்தின் லெய்டனில் இருந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. அவ்வளவு உறவாக இருந்த இரு அரசுகளுக்கிடையே இருபது ஆண்டுகளில் போர் மூண்டது. நடுவில் 1015இல் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போயிருக்கிறார்கள். சீனச் சந்தைக்குப் போகும் கடல்வழியின் கழுத்து மலாக்கா நீரிணை. அந்தக் கழுத்தில் கை வைத்திருந்தவர் ஸ்ரீவிஜயத்தார். வணிகமே போருக்குக் காரணம் என்று அறிஞர் பலர் கருதுவது இதனால்தான். இதைப் புரிந்துகொள்ளச் சோழர், சுமத்ரா, சோங் சீனம் மூன்றும் ஒரே மேசைக்கு வர வேண்டும். எங்கள் படிப்பில் சோழருக்கு ஒரு தாள் இருந்தது. சுமத்ராவுக்குத் தாளே இல்லை. சீனம் 1839இல்தான் தொடங்கியது.

இதை அடிமைப்பட்ட நாடுகளின் நோய் என்று ஒதுக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜப்பானைப் படித்தபோது அந்த எண்ணம் நிற்கவில்லை. யாருக்கும் அடிமைப்படாத நாடு அது. 1887இல் லுத்விக் ரீஸ் என்ற ஜெர்மானியரை அழைத்துத் தோக்கியோவின் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கச் செய்தார்கள். 1894இல் நாகா மிச்சியோ என்ற அறிஞர், அயல்நாட்டு வரலாற்றை மேற்கத்தியது, கிழக்கத்தியது என்று இரண்டாகப் பிரித்துப் பாடம் நடத்தலாம் என்றார். காலப்போக்கில் பல்கலைக்கழகங்களில் மூன்று துறைகள் நிலைத்தன. தேச வரலாறு, கிழக்கத்திய வரலாறு, மேற்கத்திய வரலாறு. சீனாவும் கொரியாவும் கிழக்கத்திய வரலாற்றுக்குள் போயின. ஜப்பான் அதற்குள் போகவில்லை. அது தனியே நின்றது. பாடத்திட்டத்தை எழுதுகிறவர் தன்னைக் கிழக்கிலும் வைப்பதில்லை, மேற்கிலும் வைப்பதில்லை. தான் நிற்கும் இடத்தை நடு என்று கொள்கிறார். நாகா மிச்சியோ அந்த யோசனையைச் சொன்ன 1894இல்தான் ஜப்பான் சீனாவோடு போருக்குப் போனது என்பதையும் சேர்த்து நினைக்கிறேன். கொலம்பியா பல்கலைக்கழகம் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், சமகால நாகரிகம் என்ற பாடத்தை இளநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியதும் போர்க்காலத்தில் நடத்திய பாடம் ஒன்றின் தொடர்ச்சிதான். நாடுகள் தாம் யார் என்று கலங்கும்போது வரலாற்றுப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதுகின்றன.

இபாதானின் கதை எனக்கு மிக நெருக்கமானது. 1948இல் நைஜீரியாவின் அந்த நகரில் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி தொடங்கியது. பட்டம் லண்டன் பட்டம். ஆப்பிரிக்காவுக்கு வரலாறு உண்டா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. எழுத்து ஆவணம் இல்லாத இடத்தில் வரலாறு இல்லை என்பது படித்தவர்களின் கருத்து. கென்னத் ஒன்வுகா டிகே என்ற நைஜீரிய இளைஞர் லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, நாடு திரும்பி, அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் வணிகத்தையும் அரசியலையும் பற்றிய அவருடைய நூல் 1956இல் வந்தது. ஆங்கிலேயரின் கோப்புகளோடு, அந்த மண்ணின் வாய்மொழி மரபுகளையும் அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். பாட்டனார் சொன்னதைப் பேரன் சொல்வதும் சான்றே, அதையும் சோதித்து எடைபோட வேண்டும் என்று நின்றார். அரசு அலுவலகங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஆவணங்களைத் திரட்டிக் காப்பகம் உருவாகவும் அவரே காரணமானார். அவர் நூல் வந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகும், 1963இல், ஆக்ஸ்ஃபோர்டின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் இருப்பது அங்கே போன ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே, மற்றதெல்லாம் இருட்டு என்ற பொருளில் பேசினார். இபாதானில் அதற்குள் ஒரு தலைமுறை மாணவர் அந்த இருட்டு எனப்பட்டதில் தங்கள் பாட்டன் வீட்டின் விளக்கைப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

நம்மிடமும் அப்படி ஒருவர் முன்பே சொல்லியிருக்கிறார். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். இந்திய வரலாற்றைக் கங்கைச் சமவெளியிலிருந்து தொடங்கும் வழக்கம் நீண்டுவிட்டது, கிருஷ்ணை, காவிரி, வைகைக் கரைகளிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே முறை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுக்கு முதல் பேராசிரியராக எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் வந்தார். அவருக்குப் பின் வந்த நீலகண்ட சாஸ்திரி 1930களில் சோழர் வரலாற்றை எழுதினார். கோயில் சுவர்களிலிருந்து படியெடுத்த ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள்தான் அவருக்கு அடித்தளம். டிகே முதியவர்களின் நாவிடம் போனார் என்றால், இவர்கள் கருங்கல்லிடம் போனார்கள்.

ஆனால் சுந்தரம் பிள்ளை சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வைகையை நடுவில் வைத்து மறுபடியும் ஒரு வேலி போட்டால், நான் இந்த நோட்டுகளிடமிருந்து எதையும் கற்கவில்லை என்றாகும். வைகையில் நிற்பவருக்கும் யாரோ தூரத்தில்தான் தெரிவார்கள். வேலியே வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டில் உலகம் முழுவதையும் யாராலும் நடத்த முடியாது. எங்கோ தொடங்கி எங்கோ நிறுத்தத்தான் வேண்டும். வேலி பயிரைக் காக்கும்வரை நல்லது. 1206 என்பது இயற்கை எல்லை என்றும், தூரக் கிழக்கு என்பது உலகத்துக்கே தூரம் என்றும் மாணவன் நம்பத் தொடங்கும்போது அது பயிரை மேயத் தொடங்கிவிடுகிறது. இந்த வேலியை இன்னார், இன்ன காலத்தில், இன்ன இடத்தில் நின்று போட்டார் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் முப்பது ஆண்டுகள் கொடுக்கவில்லை. அது என்னிடம் படித்தவர்களுக்கு நான் பட்ட கடன்.

வரலாறு படிக்கும் பிள்ளைகள் யார் என்று தெரிந்தால் இந்தக் கடனின் கனம் தெரியும். அரசு கலைக் கல்லூரியில் கவுன்சிலிங் முடியும் நேரத்தில், காமர்ஸும் கம்ப்யூட்டரும் நிரம்பிய பிறகு, வந்து சேர்பவர்கள் அதிகம். "வேற எதுவும் கிடைக்கல சார், அதான் ஹிஸ்டரி" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். வீட்டில் முதல் பட்டதாரி. குரூப் டூ, குரூப் ஃபோர் எழுதி ஒரு வேலைக்குப் போனால் குடும்பம் நிமிரும். அவர்களுக்கு ஆண்டுகளும் பெயர்களும் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் காலமெல்லாம் பிறர் குறித்த இடத்தில் நிற்கப் பழகிய வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். உலகத்தை உன் வாசலில் நின்றும் பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய படிப்பு வரலாறு ஒன்றுதான். அதிலும் இன்னொருவர் வாசலையே காட்டிவிட்டு அனுப்பினோம்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார். கடற்கரையை ஒட்டிய ஊரில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவராக இருக்கிறார். "ஐயா, ரெண்டு நாள் வந்து பசங்ககிட்ட பேசுங்க" என்றார். போனேன். பலகையின் நடுவில் 1025 என்று எழுதினேன். இந்த ஆண்டு உலகத்தில் என்னென்ன நடந்தது என்று அவரவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். சோமநாதபுரம் வந்தது. கடாரம் வந்தது. மற்றதை நான் சேர்த்தேன். சோங் சீனம், காகிதப் பணம், நாகப்பட்டினத்து விகாரம். பலகை நிறைய நிறையப் பிள்ளைகளின் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். "சார், கோயில் கட்ட எடம் குடுத்தவங்க, அவங்க மேலயே ஏன் சார் படையெடுத்தாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். வகுப்பு அரை மணி நேரம் அதிலேயே போனது.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் கை தூக்கினான். மீனவர் குப்பத்துப் பிள்ளை. ராஜேந்திரனின் வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தி சொல்லும் பதின்மூன்று இடங்களையும் அப்போதுதான் வாசித்திருந்தேன். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர் என்று தொடங்கி நக்கவாரம், கடாரம் வரை.

"அவங்க எந்த மாசம் சார் கெளம்புனாங்க?"

மெய்க்கீர்த்தியில் மாதம் இல்லை என்றேன்.

"இல்ல சார், வாடையில போனாங்களா, சோழகத்துலயா? பாய் கட்டுன கப்பல்தானே? காத்து பாக்காம எப்படிப் போவாங்க? போனவங்க திரும்பி வரக் காத்து மாறுற வரைக்கும் அங்கேயே இருந்திருக்கணும்ல?"

எந்தப் பல்கலைக்கழகத் தாளிலும் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை. பக்கத்து பெஞ்சுப் பையன் ஒருவன், வாடையில் கடல் எப்படி இருக்கும் தெரியுமா என்று மறுத்தான். அவனும் கரையூர்க்காரன். இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். நான் சாக்பீஸை நீட்டினேன். அவன் எழுந்து வந்து பலகையின் இடது ஓரத்தில் தன் ஊர்க் கரையை மேலிருந்து கீழாக ஒரு கோடாக இழுத்தான். வலது ஓரத்தில் சுமத்ராவும் கடாரமும். நடுவே பலகை முழுக்கக் கடல். டெல்லிக்கு அதில் இடம் இருக்கவில்லை. பிறகு காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கும் என்று அந்தக் கடலின் மேல் ஒவ்வொரு அம்பாகப் போடத் தொடங்கினான்.